வாய் வார்த்தையை நம்பி...

கடந்த 2023ல், அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள மகள் வீட்டில், ஆறு மாதம் தங்கியிருந்தேன். பேத்திக்கு அப்போது, 16 வயது, வாலிபால் ஆடுவாள். ஜூன் 15 அன்று, காலையிலிருந்தே போனும் கையுமாக இருந்தாள். 'என்னடி விஷயம்?' என்றேன். பத்தாம் வகுப்பு முடித்தவர்களிடம், கல்லூரி கோச்சுகள் நேரடியாகப் பேச, அன்று தான் அனுமதி துவங்குகிறதாம்.

அப்புறம் நடந்ததெல்லாம், நம்மூர் பெண் பார்க்கும் படலம் தான்! கிளப் போட்டிகளில், கோச்சுகள் வந்து உட்கார்ந்து பார்க்கின்றனர். என்ன உயரம், எவ்வளவு எம்புகிறாள், மார்க் எவ்வளவு என, ஒரே விசாரணை. ஆடும் வீடியோ வேறு அனுப்பணும். பஜ்ஜி, காபி மட்டும் தான் பாக்கி!

கல்வி நிலையங்களில், ஆண்களுக்கு நிகராக பெண்களுக்கும் வாய்ப்பு தர வேண்டுமென, 1972ல் அங்கே சட்டம் வந்ததால் தான், பெண் பிள்ளைகளுக்கும் விளையாட்டில் இத்தனை உதவித்தொகை என்றாள் மகள். பூரித்துப் போனேன். நான் வயசுக்கு வந்ததும், டென்னிகாய்ட் வளையத்தைப் பிடுங்கி பரண்ல போட்டவங்க, எங்க வீட்டு பெரியவங்க.

ஒரு கோச், 'உனக்கு இடம் உண்டு. முழு உதவித்தொகை' என்றார். 'மற்ற கல்லூரிகளுக்கு, வேண்டாம் என சொல்லி விடு' என்றும் சொன்னார். இவளும், இரண்டு கல்லூரிகளுக்கு சொல்லி விட்டாள். டிசம்பரில், அந்த கோச் வேறு கல்லூரிக்கு போய் விட்டார். புதிதாக வந்தவரோ, 'அது, அவர் சொன்னது' என, கையை விரித்து விட்டார். வேண்டாம் என்ற இடங்களிலும், அதற்குள் ஆள் எடுத்தாச்சு.

யாரிடம் போய் கேட்பது? பன்னிரண்டாம் வகுப்பு துவங்கும் ஆண்டின், ஆகஸ்ட் 1க்கு முன், உதவித்தொகையை எழுத்தில் தரக்கூடாது என்பது, பெரிய கல்லூரிகளுக்கான விதி. அது வரை வாய் வார்த்தை தான். இரு தரப்பையும் கட்டுப்படுத்தாது.

'பிள்ளைகளும் தானே மனசு மாறுறாங்க...' என்கிறார் மருமகன். மாறட்டுமே! கோச்சுக்கு, அடுத்த பெண் வரிசையில் நிற்கிறாள். இவளுக்கு?

எழுதித்தர முடியாத காலத்தில், 'மற்ற இடத்தை விட்டு விடு' என்று கேட்கவும் தடை போடணும். நாமெல்லாம், தாம்பூலத் தட்டு மாற்றிய பிறகு தானே, மற்ற வரனுக்கு சொல்லி அனுப்புகிறோம்?

அங்கே பேரன், பேத்தி உள்ள தோழியரே... 'இந்த கோச் போயிட்டாலும், இந்த காலேஜ்ல படிப்பியா?' என, பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்.

என் பேத்தி இப்போது, விளையாட்டுக்கென உதவித்தொகையே தராத, மூன்றாம் பிரிவு கல்லூரி ஒன்றில் படிக்கிறாள். மார்க்குக்கு கொஞ்சம் சலுகை கிடைத்தது. மீதிக்கு, மகள் கடன் வாங்கியிருக்கிறாள். வாலிபாலை விடவில்லை. அந்த கோச் பேச்சை எடுத்தால் மட்டும், 'விடுங்க ஆச்சி' என்று, போனை அம்மாவிடம் கொடுத்து விடுகிறாள்.

— ஒரு வாசகி, பாளையங்கோட்டை.