பென்ட்ரைவிலே வரும் புழு

சென்ற வாரம் எம் அயலிலுள்ள அம்மையார் ஒருவர் கண்கலங்கி வந்தார். காலஞ்சென்ற கணவரின் படங்களையெல்லாம் ஒரு பென்ட்ரைவிலே சேமித்திருந்தார். மகன் அதனை அச்செடுக்கும் கடைக்குக் கொண்டு சென்று மீண்டான். திறந்து பார்த்தால், கோப்புறைகள் இருந்த இடத்தில் அவற்றின் பெயர் தாங்கிய குறுக்குவழிகள் மட்டுமே! “எல்லாம் அழிந்தன, போர்மட் செய்துவிடட்டுமா?” என்றார். வேண்டாமெனத் தடுத்தோம்.

நேயர்களே, இது கணினிப் புழுவின் செயல். இவ்வகைப் புழு படங்களை அழிப்பதில்லை. மறைத்துவிட்டு, அவற்றின் பெயரிலே பொறி வைக்கின்றது. பொறியைத் திறந்தால் கணினியிலே குடியேறும். அடுத்துச் செருகும் பென்ட்ரைவையும் பற்றும். இணையத் தொடர்பற்ற கணினிக்கும் காப்பில்லை. 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்னும் புழு ஈரானின் நட்டான்ஸ் அணு நிலையத்துள் இவ்வழியே புகுந்ததென்பர்.

பரிகாரம் யாது? குறுக்குவழிகளைத் திறவாதீர். வைரஸ் எதிர்ப்பு மென்பொருளைப் புதுப்பித்து, முதலிற் கணினியையும் பின்னர் பென்ட்ரைவையும் துப்புரவு செய்க. அதன்பின் விண்டோஸ் அமைப்பிலே, மறைந்த கோப்புகளையும் காக்கப்பட்ட இயங்குதளக் கோப்புகளையும் காட்டும்படி தெரிவு செய்க. படங்கள் தோன்றும். அவற்றை மட்டும் வேறிடத்திற் பிரதி செய்த பின்னரே போர்மட் செய்தல் வேண்டும்.

அம்மையாரின் படங்கள் யாவும் மீண்டன. அன்று மாலையே இன்னொரு பிரதி எடுத்து அலுமாரியில் வைத்தார். இப்பொழுது கடைக்குச் செல்வது வேறொரு பென்ட்ரைவ். அதில் அச்சிட வேண்டிய கடதாசியன்றி வேறெதுவுமில்லை.