மனசு வெச்சா மசில் ஏறுமா?

கொல்லிமலைக்கு டூர் போய் வந்த யாரையாவது கேட்டுப் பாருங்கள். காரவள்ளியில் ஆரம்பிக்கிற 70 கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றி ஒரு நிமிடம் பேசுவார்கள். ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளைப் பற்றி அரை மணி நேரம் புலம்புவார்கள். இறங்கும்போது ஜாலி. ஏறும்போது தொடை தந்தி அடிக்கும்! ஜிம்முக்குப் போய் கையை மட்டும் முறுக்கேற்றிய நம்ம ஹீரோ, பாதிப் படியில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைத் தேடுவார். ஒல்லியான உள்ளூர்க்காரர் ஒருவர் சுமையோடு அவரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பார்.

அப்படியானால் பலம் என்பது சதையின் அளவு மட்டும் இல்லையா?

இல்லை. தேர் இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வடத்தில் நூறு பேர் கை வைத்திருந்தாலும், ஆளுக்கு ஒரு நேரம் இழுத்தால் தேர் நகராது. ஒரே குரலில் சத்தம் கொடுத்து, எல்லோரும் ஒரே நேரத்தில் இழுத்தால்தான் அசையும். தசைக்குள்ளும் இதே கதைதான். இழைகள்தான் வடம் பிடிக்கிற ஆட்கள். குரல் கொடுப்பது மூளை. எத்தனை இழைகளை, எவ்வளவு வேகமாக வேலைக்குக் கூப்பிடுவது என்று நரம்பு வழியாகக் கட்டளை போகிறது. ஜிம்மில் சேர்ந்த முதல் சில வாரங்களில் கை பருமன் அப்படியே இருக்கும், ஆனால் தூக்குகிற எடை ஏறும். காரணம், பெரும்பாலும் இந்தக் கட்டளை தேறியதுதான்.

சரி, கட்டளைதான் விஷயம் என்றால், உடம்பை அசைக்காமல் கட்டளையை மட்டும் பயிற்சி செய்ய முடியுமா?

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். 1992-ல் முடிவு வெளியானது. எடுத்துக்கொண்டது சுண்டு விரல்! ஒரு குழு, இடது சுண்டு விரலை முழு பலத்தோடு வெளிப்பக்கம் தள்ளிப் பயிற்சி செய்தது. இன்னொரு குழு, தள்ளுவதாக நினைக்க மட்டும் செய்தது. வாரம் 5 நாள், 4 வாரம். நிஜமாகப் பயிற்சி செய்தவர்களுக்கு 30 சதவீதம் பலம் கூடியது. நினைத்தவர்களுக்கு 22 சதவீதம்! எதுவும் செய்யாதவர்களுக்கு 4 சதவீதம்கூட இல்லை. இன்னொரு ஆச்சரியம், நினைத்துப் பயிற்சி செய்தவர்களின் வலது சுண்டு விரலுக்கும் சுமார் 10 சதவீதம் பலம் வந்திருந்தது. அந்த விரலை யாரும் தொடவே இல்லை. பாடம் படித்தது விரல் அல்ல, மூளை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

2004-ல் கிளீவ்லாண்ட் ஆராய்ச்சியாளர்கள் இதையே 12 வாரம் நீட்டினார்கள். தினமும் 15 நிமிடம், வாரம் 5 நாள் மனப்பயிற்சி. விரலில் 35 சதவீதம் கூடியது. முழங்கையை மடக்கும் தசையில் 13.5 சதவீதம்தான். விரலை நிஜமாகவே பயிற்சி செய்தவர்களுக்கோ 53 சதவீதம். ஆகவே தம்பிகளே, தங்கைகளே... "இனி கட்டிலில் படுத்தே பாடி பில்டர் ஆகலாம்" என்று கிளம்பிவிடாதீர்கள்! நினைப்பதால் கட்டளை தேறும், சதை பெருக்காது. அதற்கு வேர்க்க விறுவிறுக்க வேலை செய்துதான் ஆக வேண்டும்.

அப்புறம் எதற்கு இது?

மாவுக்கட்டு போட்டவர்களுக்கு! கபடி செலக்‌ஷனுக்கு ரெண்டு மாசம் இருக்கும்போது மணிக்கட்டு உடைந்தால் எப்படி இருக்கும்? வலியைவிட, "போச்சு, எல்லாம் போச்சு" என்கிற நினைப்புதான் ஆளைச் சாய்க்கும். ஒஹையோ பல்கலைக்கழகத்தில் 29 பேரைச் சோதித்த ஆய்வு 2014-ல் வெளியானது. நன்றாக இருந்த மணிக்கட்டுக்கே 4 வாரம் கட்டுப் போட்டார்கள். சும்மா இருந்தவர்கள் தங்கள் பலத்தில் சுமார் 45 சதவீதத்தை இழந்தார்கள். கட்டுக்குள் இருந்த கையை முறுக்குவதாக வாரம் 5 நாள் நினைத்தவர்கள் இழந்தது சுமார் 24 சதவீதம்தான். கிட்டத்தட்ட பாதி நஷ்டம் மிச்சம். கை அசையாத நாளிலும் செய்ய ஒரு வேலை இருக்கிறது என்பதே பெரிய தெம்பு இல்லையா?

எப்படி நினைப்பது? இதில்தான் சூட்சுமம். கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியைத் தெரியும்தானே? ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்ததாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடிய வில்லாளி. செம்மேட்டில் அவருக்குச் சிலை இருக்கிறது. ஆடி மாத ஓரி விழாவில் வில்வித்தைப் போட்டியும் நடக்கும். சிலையைப் பார்ப்பதுபோல் உங்களை நீங்களே வெளியே இருந்து பார்த்தால், அது வெறும் சினிமா. நாண் உங்கள் விரலை அறுக்க வேண்டும். தோள்பட்டை இறுக வேண்டும். வில் எதிர்ப்பதை நீங்கள் உணர வேண்டும். அதாவது, ஓரியைப் பார்க்காதீர்கள், ஓரியாக இருங்கள்!

செய்முறை இதோ:

* அமைதியான இடத்தில் உட்காருங்கள். செல்போன் அடுத்த அறையில் இருக்கட்டும்.

* ஒரே ஒரு அசைவை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அதை ஒருமுறை நிஜமாகச் செய்து, எங்கே இறுகுகிறது என்று கவனியுங்கள். கட்டுப் போட்டிருப்பவர்கள், நல்ல கையில் செய்து பார்த்துக்கொள்ளலாம்.

* 5 விநாடி முழு மூச்சாக முறுக்குவதாக நினையுங்கள், 5 விநாடி ஓய்வு. தசை உண்மையில் தளர்ந்தே இருக்க வேண்டும்.

* 15 நிமிடம் போதும். மனம் அலைந்தால் திட்டாதீர்கள், திரும்பக் கூட்டி வாருங்கள்.

* அடிபட்டவர்கள் டாக்டர், பிசியோதெரபிஸ்ட் சொல்வதை விட்டுவிட்டு இதை மட்டும் பிடித்துக்கொள்ளக் கூடாது. இது துணைக்குத்தான்.

பரீட்சை நேரம், மழைக்காலம், காய்ச்சல், கால்கட்டு... கிரவுண்டுக்குப் போக முடியாத நாட்கள் எல்லோருக்கும் வரும். அன்றைக்கு உடம்புக்கு லீவு கொடுங்கள். கட்டளை போடுகிறவருக்கு லீவு கொடுக்காதீர்கள்!