சென்னையில் 'பிரின்ட்' தட்டினால் ஊரில் பேப்பர் வருமா? வரும்... ஆனா ரூட்டர் கதவைத் திறந்து வைக்காதீங்க!

நீங்க சென்னை ஆபீஸில் இருக்கீங்க. தென்காசியிலிருந்து அப்பா போன்: "ஏய்யா, பேங்க்ல அந்த பாரத்தை பிரின்ட் எடுத்துட்டு வரச் சொல்லுதாங்க." வீட்டில் நீங்க வாங்கி வைத்த வைஃபை பிரின்டர் இருக்கு. பி.டி.எஃப் மட்டும் உங்க போனில். 'மேல மூணு புள்ளி இருக்கும் பாருங்க' என்று அரை மணி நேரம் பாடம் எடுக்க வேண்டாம். இங்கிருந்தே அனுப்பிவிடலாம்.

எப்படி? வெளியிலிருந்து தானாக வரும் இணைப்பை வீட்டு ரூட்டர் பொதுவாக உள்ளே விடாது. அதனால் பிரின்டர்தான் முதலில் பேசும். தன் நிறுவனத்தின் சர்வரோடு அதுவே இணைந்து, 'எனக்கு வேலை ஏதும் இருக்கா?' என்று காத்திருக்கும். நீங்க ஆப்பில் கொடுக்கும் ஃபைல் சர்வருக்குப் போய், அங்கிருந்து வீட்டுக்கு இறங்கும். எப்சனின் பல மாடல்களில் பிரின்டருக்கே ஒரு இமெயில் முகவரி கிடைக்கும். ஃபைலை அட்டாச் செய்து அனுப்பினால் போதும். யார் அனுப்பினால் அச்சாகணும் என்ற பட்டியலும் போடலாம். கண்டிப்பா போடுங்க. இல்லேன்னா முகவரி தெரிந்தவங்க எல்லாம் உங்க இங்க்கைக் காலி பண்ணலாம்.

சிக்கல் எங்கே என்றால், ஆப், அக்கவுன்ட் தொல்லை வேண்டாம் என்று சிலர் ரூட்டரில் 'போர்ட் ஃபார்வர்டிங்' போட்டு 9100 போர்ட்டைத் திறந்துவிடுவது. ஐந்து நிமிட வேலைதான். ஆனால் அந்த வழியாக வருவதை பிரின்டர் அப்படியே அச்சடிக்கும், 'யார் நீ?' என்று கேட்காது. 2018 நவம்பரில் ஒருவர் இப்படித் திறந்து கிடந்த பிரின்டர்களில், 'யூடியூபர் பியூடிபையை சப்ஸ்க்ரைப் பண்ணுங்க' என்று அச்சடித்தார். அவர் சொன்ன கணக்கு சுமார் 50,000 பிரின்டர்கள். 2020இல் சைபர்நியூஸ் ஆய்வாளர்கள் சுமார் 28,000 பிரின்டர்களில், பிரின்டரைப் பாதுகாப்பது எப்படி என்ற வழிகாட்டியையே அச்சிட்டுக் காட்டினார்கள்! சிரிக்கலாம். ஆனால் பிரின்டரும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். உங்க லேப்டாப் இருக்கும் அதே நெட்வொர்க்கில்தான் அதுவும் இருக்கு.

நிறுவன சர்வர் மட்டும் முழுப் பாதுகாப்பா? இல்லை. உங்க ஃபைல் அடுத்தவர் கம்ப்யூட்டர் வழியாகப் போகுது. தவிர, அவங்க கடையை மூடினால் வசதியும் போச்சு. 2010இல் வந்த கூகுள் கிளவுட் பிரின்ட், கடைசிவரை 'பீட்டா' என்ற பெயரிலேயே ஓடி, 2020 டிசம்பர் 31இல் நிறுத்தப்பட்டது.

ரூட்டரில் விபிஎன் வசதி இருந்தால் அதுதான் என் ஓட்டு. போன் வீட்டு வைஃபையிலேயே இருப்பது போல வேலை செய்யும். ஃபைல் வேறு சர்வரில் தங்காது. ஆனா பல ஃபைபர் இணைப்புகளில் வீட்டுக்கென்று தனி பப்ளிக் ஐபி தருவதில்லை. அப்போ இது நேரடியாக ஓடாது, நிறுவன ஆப்தான் வழி.

'ஜெராக்ஸ் கடைக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிடலாமே?' பாரத்துக்கு ஓகே. ஆதார் என்றால், அந்தக் கடைக் கம்ப்யூட்டரின் டவுன்லோட் ஃபோல்டரில் அது எத்தனை நாள் கிடக்கும் என்று யோசிங்க. கடைசி நாலு எண் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' போதுமா என்று முதலில் கேளுங்க.

அனுப்பும் முன் வீட்டுக்கு ஒரு போன்: பிரின்டர் ஆன்ல இருக்கா, பேப்பர் இருக்கா? ஆஃபில் இருந்தால் ஃபைல் வரிசையில் நின்று, பிறகு ஆன் செய்யும்போது வெளியே வரலாம். வரலையே என்று நாலு தடவை தட்டினால், நாலு காப்பி. இங்க்க் விலை உங்களுக்கே தெரியும்.