குருத்தோலைக்கு மரம் வேணும்லா?

குருத்தோலை ஞாயிறு அன்று எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கையில் பிடித்துக்கொண்டு போவது பெரும்பாலும் பனங்குருத்து. எருசலேமில் ஜனங்கள் பிடித்தது பேரீச்ச ஓலை என்பார்கள். சாத்தான்குளம், நாசரேத் பக்கம் வேதம் வந்தபோது இங்கே கைக்கு எட்டிய மரம் பனைதான். அதனால் பனையே எங்களுக்கு வேதாகம மரம் ஆகிவிட்டது.

இந்த ஓலையை வெட்டித் தருகிற மரம் இன்னும் எத்தனை வருஷம் நிற்கும்? இதைத்தான் இப்போது கேட்க வேண்டியிருக்கிறது.

பட்டணத்துல இருக்கிறவங்களுக்குப் பனைன்னா நுங்கும் பனங்கிழங்கும்தான் ஞாபகம் வரும். ஒரு பனை பாளை விட 15 வருஷமாவது ஆகும். அதை ஒரு மெஷின் வாள் வைத்து அறுக்கப் பத்து நிமிஷம் போதும். செங்கல் சூளைக்கு விறகாகவும், பிளாட் போடுவதற்கு இடைஞ்சல் என்றும் லாரி லாரியாகப் போயிருக்கிறது. பனை நம் மாநில மரம். மாவட்ட ஆட்சியர் அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது என்று 2021இல் அரசு சொன்னது. ஆனால் ராத்திரியில் விழுகிற மரத்துக்கு யார் போய் மனு கொடுக்க?

என் விளையில் 40 பனை நிற்கிறது, ஏற ஆள் இல்லை. பக்கத்து ஊரில் ஒரு அண்ணாச்சி இருக்கிறார், வயது 60க்கு மேல். காலையில் ஏறிப் பதநீர் இறக்கணும், சாயங்காலம் மறுபடி ஏறிப் பாளை சீவணும், கலயத்துக்குள்ளே சுண்ணாம்பு தடவணும். நெஞ்சும் கையும் காய்ச்சுப் போகிற வேலை. அவர் மகன் கோயம்புத்தூரில் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். அதை நான் குறை சொல்ல மாட்டேன். கோயிலும் பள்ளிக்கூடமும் பக்கத்துப் பக்கத்தில் வந்ததால்தான் எங்கள் ஆட்கள் பனையை விட்டு இறங்கி, வாத்தியாராகவும் நர்ஸாகவும் ஆனார்கள். (சர்ச்சை நாங்கள் கோயில் என்றுதான் சொல்லுவோம்.) அது நல்ல காரியம். ஆனால் மரத்தை விட்டு இறங்குவது வேறு, மரத்தையே கேவலமாக நினைப்பது வேறு. இந்த ரெண்டாவதுதான் எங்களைப் பிடித்த நோய்.

இத்தனைக்கும் எங்கள் ஊர்கள் பிறந்ததே மண்ணோடு மல்லுக்கட்டித்தான். 1799இல் விசுவாசிகள் சேர்ந்து உண்டாக்கிய முதலூர் தேரி ஓரத்து ஊர். மெய்ஞ்ஞானபுரத்தில் 192 அடிக் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறவர்களுக்கு, அந்த இடம் ஒரு காலத்தில் மணல் பறந்த பொட்டல் என்பது தெரியாது. அங்கே ஊழியம் செய்த ஜான் தாமஸ் ஐயர் கிணறு வெட்டினார், மரம் வைத்தார். பிரசங்கமும் கிணறும் அப்போது தனித்தனி இலாகா இல்லை.

இப்போது என்ன நடக்கிறது? பல ஊர்க் கோயில் காம்பவுண்டில் வேம்பை வெட்டிவிட்டுப் பேவர் பிளாக் போடுகிறோம். மழைத் தண்ணீர் வாசல் வழியாக ரோட்டுக்கு ஓடுகிறது. பண்டிகை வந்தால் கல் சுடுகிறது என்று தகர ஷெட் போடுகிறோம். ஷெட்டுக்கு உபயதாரர் பேரைக் கல்லில் வெட்டுகிறோம். வேம்பு சும்மா நிழல் கொடுத்தது, அதில் பேர் வெட்ட இடமில்லை.

அசனமும் அப்படித்தான். முன்பெல்லாம் சோறும் கறியும் ஓலைப்பெட்டியில் வீட்டுக்கு வரும். ஓலை வாசத்தோடு அந்தச் சோற்றுக்கே தனி ருசி. இப்போது பிளாஸ்டிக் வாளி. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. ஆனாலும் அசனத்துக்கு மறுநாள் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற ஓடையைப் போய்ப் பாருங்கள், கப்பும் பையுமாகக் கிடக்கும்.

இதைப் பேசினால் சில பெரியவர்கள், "சபையோட வேலை ஆத்தும ஆதாயம்வே, மரம் நடுறது வனத்துறை வேலை" என்கிறார்கள். ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தில் மனுஷனுக்குக் கிடைத்த முதல் வேலையே தோட்ட வேலைதான்: பயிர் செய்யணும், காவல் காக்கணும். உபாகமம் 20இல் யுத்தத்தில் ஒரு பட்டணத்தை முற்றுகை போட்டிருக்கும்போதுகூடக் கனி தரும் மரத்தில் கோடாலி வைக்காதே என்று கட்டளை இருக்கிறது. சண்டைக்காரனுக்கே அந்தச் சட்டம் என்றால், பிளாட் போடுகிறவனுக்கு இல்லையா?

சரி, என்ன செய்யலாம்? புதுசாக இயக்கம் எதுவும் வேண்டாம். கைப்பிடி அரிசி பழக்கம் எங்களிடம் இருக்கிறது. உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்து வைத்து, அதைக் கோயிலுக்குக் கொடுப்பது. அந்தப் பிடி பிடியில் எத்தனையோ காரியம் நடந்திருக்கிறது. அதேபோல வீட்டுக்குப் பத்துப் பனங்கொட்டை கேட்கலாம். ஆவணி, புரட்டாசியில் பழம் விழும்போது பிள்ளைகளை விட்டுப் பொறுக்கச் சொன்னால் போதும். பனையை நாற்றாக வளர்த்துப் பிடுங்கி நடுவது கஷ்டம், வேர் நேராக ஆழத்துக்குப் போய்விடும். கொட்டையைக் குளத்தங்கரையிலும் விளை ஓரத்திலும் அப்படியே புதைத்துவிட வேண்டும். ஐப்பசி மழை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஆடு கடிக்காமல் காப்பதுதான் நம் வேலை.

இரண்டாவது, அசனத்துக்கு ஓலைப்பெட்டி வாங்கலாம். விலை கூடத்தான். ஆனால் அந்தக் காசு பெட்டி முடைகிற நம் ஊர்ப் பெண்களுக்கே போகும். ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில் ஒரு எலுமிச்சம்பழத்தை ஆயிரக்கணக்கில் கேட்கிற கை, பெட்டிக்குப் பத்து ரூபாய் கூடக் கொடுக்கத் தயங்கலாமா?

கடைசியாக, பண்டிகைக்கு மட்டும் ஊருக்கு வருகிற சென்னை, பெங்களூரு சொந்தங்களுக்கு ஒரு வார்த்தை. ஆர்ச் கட்டக் காசு அனுப்புகிறீர்கள், சந்தோஷம். அடுத்த முறை, இன்னும் ஏறிக்கொண்டிருக்கிற பனையேறி யாரென்று விசாரித்து, கருப்பட்டியை அவரிடமே வாங்குங்கள். சீனி கலக்காத கருப்பட்டி கடை விலைக்குக் கட்டாது. அவர் சொல்லுகிற விலையைக் கொடுங்கள். மரத்தில் வருமானம் இருந்தால் அதை யாரும் வெட்ட மாட்டான். குருத்தோலை தானாகக் கிடைக்கும்.