'அப்புறம் என்ன பண்ணும்?'

ஃபைனல் இயர் ரிவ்யூவில் பாதி டீம்களோட ஸ்லைடில் இருப்பது ஒரே கதைதான். சென்சார் டேட்டா வரும், ரூல் எஞ்சின் பார்க்கும், வெப்பநிலை 60 டிகிரியைத் தாண்டினால் மோட்டாரை நிறுத்தும். ஏன் 60, ஏன் 65 இல்லை என்று பேனலில் குடைந்து எடுப்பார்கள். 'நிறுத்தும்' என்ற சொல்லை மட்டும் யாரும் தொடுவதில்லை. என்னைக் கேட்டால், ஒரு ரூலில் ஆபத்தான பாதியே அதுதான்.

கிட்ஹப் கதையைப் பாருங்க. 2018 அக்டோபர் 21. பழுதாகிக்கொண்டிருந்த ஒரு ஆப்டிகல் கருவியை மாற்றும்போது, அமெரிக்கக் கிழக்குக் கரையில் இருந்த அவங்க முதன்மை டேட்டா சென்டருக்கு 43 விநாடி நெட்வொர்க் இணைப்பு அறுந்துபோச்சு. டேட்டாபேஸ்களைக் கண்காணிக்கிற ஆர்கெஸ்ட்ரேட்டர் என்ற மென்பொருள் அதைக் கவனித்து, மேற்குக் கரை சர்வர்களை மெயின் சர்வர்களாக்கிவிட்டது. பக் எதுவும் இல்லை. கான்ஃபிகரேஷனில் சொன்னதைத்தான் செய்தது! ஆனால் கிழக்கில் கடைசி சில விநாடிகளில் பதிவான டேட்டா மேற்குக்குப் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. அதற்குள் மேற்கில் புது டேட்டா ஏற ஆரம்பிச்சாச்சு. இரண்டு பக்கமும் எதுவும் தொலையக் கூடாது என்று பார்த்ததில், சேவை முழுசா பழைய நிலைக்குத் திரும்ப 24 மணி 11 நிமிடம் ஆனது. அதன்பிறகு அவங்க எடுத்த முடிவுகளில் ஒன்று, கரை விட்டு கரை தாண்டி மெயின் சர்வரை மாற்றக் கூடாது என்று கான்ஃபிகை மாற்றியது. அதாவது, கண்டிஷனுக்கு இல்லை, ஆக்‌ஷனுக்கு ஒரு எல்லை போட்டாங்க.

'அப்போ ஆட்டோமேஷனே வேண்டாமா, மனுஷனே பார்த்து முடிவெடுக்கட்டுமா?' என்றால், அதுவும் சரிவராது. ராத்திரி மூணு மணிக்கு ஒரு பாட் உங்க சர்வரில் பாஸ்வேர்டு அடிச்சுப் பார்க்கும்போது யார் எழுந்து வரப்போறா? அதுக்குத்தான் ஃபெயில்டுபேன் இருக்கு. அதோட டீஃபால்ட்படி 10 நிமிடத்தில் 5 தவறான முயற்சி வந்தால் அந்த ஐபிக்கு 10 நிமிடம் தடை. எனக்குப் பிடிச்சது அந்த இரண்டாவது 10 நிமிடம்தான். தடை தானாக விலகும். அதோட ஆக்‌ஷன் ஃபைலைத் திறந்தால், தடுப்பதற்கு ஒரு வரி, தடையை நீக்க இன்னொரு வரி என்று ஜோடியாகவே இருக்கும். ஹாஸ்டல் முழுக்க ஒரே பப்ளிக் ஐபியில் வெளியே போகிற இடத்தில், ஒருத்தன் பாஸ்வேர்டை மறந்தால் மொத்த ஹாஸ்டலுக்கும் அந்த சர்வர் மூடிக்கொள்ளும். பத்து நிமிடம் என்றால் டீ குடிச்சிட்டு வரலாம். தடை நிரந்தரம் என்று போட்டிருந்தால்?

டிரூல்ஸில் எழுதுகிறவங்களுக்கு இன்னொரு வில்லங்கம். ரூலோட ஆக்‌ஷனே டேட்டாவை மாற்றினால் அதே ரூல் திரும்ப எழும்பும். 'நோ-லூப்' போட்டால் அது நிற்கும். ஆனால் இரண்டு ரூல்கள் மாறி மாறி ஒன்றை ஒன்று எழுப்பினால் அது காப்பாற்றாது.

பேனலில் உட்காரும் சார், மேடம்களிடம் கேட்பது இதுதான். த்ரெஷோல்டுக்கு ஒரு கேள்வி குறைத்து, ஆக்‌ஷனுக்கு ஒன்று கேளுங்க. 60-ல் நின்ற மோட்டார் 59-ல் தானா ஓடுமா, 61-ல் மறுபடி நிற்குமா, ரிலே நிமிடத்துக்கு எத்தனை தடவை டக் டக்னு அடிக்கும்?