குதிரைக்குச் சிக்கல் வானத்திலா, கயிற்றிலா?

குதிரையை விமானத்தில் ஏற்றுவது கொடுமை என்பவர்கள் முதலில் சொல்லும் காரணம் பயம். ஓடிப் பிழைக்கும் பிராணியைப் பெட்டியில் அடைத்தால் மிரளாதா, மயக்க மருந்து கொடுக்காமலா கொண்டுபோகிறார்கள் என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் கொடுக்காமல்தான். மருந்து ஏறிய குதிரைக்குக் கால் தடுமாறும். ஆடும் தளத்தில் அதைவிட ஆபத்து கிடையாது. அடங்காமல் மிரளும் குதிரைக்குத்தான் ஊசி. மற்றவை தரையிலேயே லாயப் பெட்டிக்குள் நடந்து ஏறுகின்றன. பெட்டியோடு விமானத்துக்குள் போகின்றன. பக்கத்தில் துணைக்கு இன்னொரு குதிரை, எதிரே உலர்புல் திணித்த வலைப்பை, கூடவே பராமரிப்பாளர்கள். 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்கின் டிரெஸ்ஸாஜ் போட்டிக்காக பெல்ஜியத்தின் லீஜ் நகரிலிருந்து 36 குதிரைகள் 19 பெட்டிகளில் துபாய் வழியாக இப்படித்தான் பறந்தன. பத்தே நாளில் போட்டி தொடங்கிவிட்டது.

அத்தனை மணி நேரம் நிற்க வைக்கலாமா என்பது அடுத்த கேள்வி. இது நம் காலை வைத்துப் போட்ட கணக்கு. குதிரையின் கால் மூட்டுகளைத் தசைநார்களும் தசைநாண்களும் பூட்டுப் போட்டதுபோல் பிடித்துக்கொள்வதால் அது நின்றபடியே கண்ணயரும். ஆழ்ந்த தூக்கத்துக்குப் படுக்கத்தான் வேண்டும், ஆனால் ஓர் இரவு தவறினால் தாங்கும். ஓயாமல் பிரேக் போட்டுத் திரும்பும் லாரியில்தான் அது தன் எடையைச் சமாளிக்க அதிகம் பாடுபடுகிறது.

2023 நவம்பரில் நியூயார்க்கிலிருந்து கிளம்பிய சரக்கு விமானத்தில் ஒரு குதிரை பெட்டியிலிருந்து பாதி வெளியேறி, விமானம் திரும்ப நேர்ந்தது, குதிரையும் பிழைக்கவில்லை. இதை மழுப்பக் கூடாது. ஆனால் இதையே பொது விதியாக்கினால், இன்னும் பரவலான, சத்தமில்லாத தீங்கு கண்ணில் படாமல் போகும். அது நுரையீரலில் இருக்கிறது. மேயும்போது தலை தாழ்வதால் மூச்சுக்குழாயின் சளியும் தூசியும் வடிந்துவிடும். தலையை உயர்த்திக் கட்டினால் அவை தேங்கி, ஒன்றிரண்டு நாளிலேயே கிருமி பெருகுவதை ஆஸ்திரேலிய ஆய்வுகள் காட்டின. 'ஷிப்பிங் ஃபீவர்' எனப்படும் நுரையீரல் அழற்சிக்கு முக்கியக் காரணம் இதுதான், லாரியிலும் வருகிறது. போதாக்குறைக்கு, விமானம் தரையில் காத்து நிற்கும்போது உள்ளே காற்று புழுங்கிக் கெடும். ஆகவே கண்டிக்க நினைப்பவர்கள் பறந்த நேரத்தை விட்டுவிட்டு, லாயத்தை விட்டுக் கிளம்பியதிலிருந்து குதிரை எத்தனை மணி நேரம் தலை தாழ்த்தாமல் நின்றது, கயிறு எவ்வளவு தளர்வாக இருந்தது, இறங்கியபின் எத்தனை நாள் காய்ச்சல் பார்த்தார்கள் என்று கேட்கட்டும்.