அதே ஆள் வேண்டும்

இந்த வாரம் ஒரு தொலைக்காட்சி விவாதத்தைப் பார்த்துவிட்டு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. இ-ஸ்போர்ட்ஸை விளையாட்டு என்று ஒப்புக்கொள்ளலாமா, கூடாதா என்பது பேச்சு. நன்றாகப் படித்தவர், நிதானமாகப் பேசுகிறவர் ஒருவர் இருந்தார். ஷூட்டிங் கேம் என்ற பேச்சு வந்ததும் கையை உதறிவிட்டார். "அதில் என்ன இருக்கிறது? கண்ணும் விரலும்தான். எவன் முதலில் பார்க்கிறானோ அவன் சுடுகிறான்" என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். நெறியாளரும் தலையாட்டினார். மறுத்துப் பேச அந்த மேசையில் ஓர் ஆள் இல்லை.

அதைவிட எனக்கு எரிச்சல் மூட்டியது அடுத்தவர் சொன்ன யோசனை. 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் பப்ஜி மொபைலையும் சேர்த்திருந்தார்கள். அதற்கென்றே தனி வடிவம் ஒன்று செய்தார்கள். அதில் வீரர்கள் ஒருவரையொருவர் சுட முடியாது. வழியில் நிற்கும் இலக்குகளைச் சுட்டுக்கொண்டே போய், யார் முதலில் முடிக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். சீனா தங்கம் வென்றது. "இதுதான் முன்மாதிரி. வன்முறையும் இல்லை, திறமையும் தெரிகிறது" என்றார் அவர். வன்முறை பற்றிய கவலை நியாயமானது. அதோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ரத்தத்தை எடுக்கப்போய் எதிராளியையே எடுத்துவிட்டார்கள். இலக்குப் பலகைக்குப் பயம் கிடையாது. பழக்கம் கிடையாது. போன தடவை இந்த மூலையில் அடிவாங்கினோமே என்ற நினைவும் கிடையாது. அதை எத்தனை வேகமாகச் சுட்டாலும் நான் பேசுகிற ஆட்டம் அங்கே தொடங்கவே இல்லை.

பழைய வாசகர்களுக்குத் தெரியும், குவேக் என்ற ஷூட்டிங் கேம் பற்றி எழுத ஒரு சந்தர்ப்பம் வந்தால் நான் விடுவதில்லை. இப்போதும் விடப்போவதில்லை. 1997இல் அமெரிக்காவில் ரெட் அனிஹிலேஷன் என்ற பெயரில் ஒரு குவேக் போட்டி நடந்தது. இணையத்தில் ஏறக்குறைய 2,000 பேர் மோதி, கடைசி 16 பேர் அட்லாண்டாவில் நடந்த இ3 கண்காட்சிக்கு வந்து சேர்ந்தார்கள். குவேக்கை உருவாக்கியவர்களில் முதன்மையானவரான ஜான் கார்மக், தன் சொந்த ஃபெராரி 328 காரையே பரிசாக வைத்திருந்தார். இறுதி ஆட்டத்தில் டாம் கிம்ஸியை எதிர்த்து ஆடியவர் டென்னிஸ் ஃபாங். த்ரெஷ் என்றால்தான் குவேக் உலகத்துக்குத் தெரியும். 14க்கு மைனஸ் 1 என்று ஜெயித்தார். மைனஸ் ஒன்று அச்சுப்பிழை அல்ல. குவேக்கில் தன்னைத்தானே கொன்றுகொண்டால் ஒரு புள்ளி கழியும்.

2,000 பேரில் கடைசி இருவராக வந்து நிற்பவர்களுக்குக் கண்ணிலும் விரலிலும் எவ்வளவு வித்தியாசம் இருந்துவிடப் போகிறது? 15 புள்ளி இடைவெளி விரலிலிருந்து வரவில்லை. த்ரெஷுக்கு ஞானதிருஷ்டி இருக்கிறது என்று அந்தக் காலத்தில் பேசிக்கொண்டார்கள். அந்த ஞானதிருஷ்டியைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது கணக்கு. அந்தக் கணக்குக்கும் உள்ளே ஓர் ஆள்.

கணக்கு இதுதான். குவேக் மேப்பில் கவசம் ஒரு குறிப்பிட்ட இடத்தில் கிடக்கும். யாராவது எடுத்தால் 20 வினாடி கழித்து அதே இடத்தில் மறுபடி முளைக்கும். அடியை நாலு மடங்காக்கும் குவாட் டேமேஜ் 60 வினாடியில் திரும்ப வரும். எடுக்கும்போது ஒரு சத்தம் எழும், பக்கத்தில் இருப்பவன் காதில் அது விழும். ஆகவே தேர்ந்த ஆட்டக்காரன் தலைக்குள் இரண்டு மூன்று கடிகாரங்கள் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். எதிராளி எங்கே இருக்கிறான் என்று அவன் தேடி அலைவதில்லை. எங்கே வந்தே தீர வேண்டும் என்று பார்க்கிறான். கவசம் இழந்தவன் இன்னும் 6 வினாடியில் இந்தப் பக்கம் வந்தாக வேண்டும். வருவதற்கு வழி இரண்டு. இதுவரை கணக்கு.

இரண்டில் எந்த வழி என்பதில்தான் ஆள் வருகிறான். அவசரக்காரன் கிட்டத்து வழியில் வருவான். அங்கே ஒருதரம் அடிவாங்கியவன் அடுத்த முறை சுற்றி வருவான். தன்னை ஒருவன் படித்துக்கொண்டிருக்கிறான் என்று புரிந்துகொண்டவனோ, வேண்டுமென்றே கிட்டத்து வழியிலேயே திரும்ப வருவான். குவேக்கின் ராக்கெட் பறந்து போய்ச் சேர நேரம் எடுக்கும். ஆள் கண்ணில் பட்ட பிறகு விட்டால் பாதி நேரம் பிந்திவிடும். அவன் திருப்பத்தில் தலைகாட்டும் முன்பே விட வேண்டும். அந்த ராக்கெட்டும் அந்த ஆளும் ஒரே கணத்தில் ஒரே இடத்துக்கு வந்து சேர்வதைப் பார்த்தால் உடம்பு சிலிர்க்கும். எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கிறது. முதலில் பார்த்தவன் சுட்டான் என்று அந்தப் பெரியவர் சொன்னாரே, இங்கே சுட்டவன் இன்னும் பார்க்கவே இல்லை.

ஐந்து பேருக்கு ஐந்து பேர் மோதும் கவுன்டர் ஸ்ட்ரைக்கில் இது இன்னும் விரிகிறது. அங்கே ஒவ்வொரு சுற்றிலும் துப்பாக்கியைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். தோற்ற அணிக்கு 1,400 டாலர் வரும். தொடர்ந்து தோற்றால் ஐந்நூறு ஐந்நூறாக ஏறி 3,400 வரை போகும். ஏகே-47 விலை 2,700. ஒரே குண்டில் ஆளைச் சாய்க்கும் ஏடபிள்யூபி 4,750. எதிரணியின் பணப்பையை யாரும் திறந்து காட்டமாட்டார்கள். நாமேதான் கூட்டிக் கழித்துக் கண்டுபிடிக்க வேண்டும். கையில் காசில்லாத அணி தூரத்தில் நின்று சண்டை போடாது. ஒன்று கூட்டமாக ஓடிவந்து மேலே விழும், இல்லாவிட்டால் ஒரே இடத்தில் ஐந்து பேரும் பதுங்கிக் காத்திருப்பார்கள். நெருங்கிவிட்டால் மலிவான கைத்துப்பாக்கியும் கொல்லும் அல்லவா? இங்கேயும் கணக்கு ஒரு பக்கம்தான். தோற்ற கோபத்தில் இருக்கிற காசையெல்லாம் கொட்டி வாங்குகிற அணியும் உண்டு. இரண்டு சுற்றை விட்டுக்கொடுத்துச் சேர்த்து வைக்கிற அணியும் உண்டு. எதிரே இருப்பது எது என்று தெரியாமல் கணக்கு மட்டும் தெரிந்து பயனில்லை.

2022 மே மாதம் ஆன்ட்வெர்ப்பில் நடந்த கவுன்டர் ஸ்ட்ரைக் மேஜர் போட்டியின் இறுதியை இதற்காகவே திரும்பப் போட்டுப் பார்ப்பேன். ஃபேஸ் அணிக்குத் தலைவர் டென்மார்க்கின் ஃபின் ஆண்டர்சன், ஆட்டப்பெயர் காரிகன். எதிரே நாவி அணி. அதில் சிம்பிள் என்ற ஒலெக்சாண்டர் கோஸ்திலியெவ். தனி ஆளாக அவரைவிடத் துல்லியமாகச் சுடுகிறவர் அன்றைக்கு உலகத்தில் இல்லை என்பது என் முடிவு. ஃபேஸ் 2-0 என்று ஜெயித்தது. காரிகனுக்கு அப்போது வயது 32. எதிரிலிருந்த பலரைவிட அவர் விரல் மெதுவானது. அவருடைய வேலை சுற்றின் நடுவில், எதிரணி எங்கே சாய்கிறது என்று மோப்பம் பிடித்துத் தன் ஆட்களைத் திருப்பிவிடுவது. கண்ணும் விரலும்தான் என்பவர்கள் அந்த ஆட்டத்தை ஒருமுறை பார்க்க வேண்டும்.

நான் இந்த ஆட்டத்தைக் கற்றது திருச்சியில், இரண்டாயிரங்களின் நடுவில், ஒரு பிரவுசிங் சென்டரில். யூபிஎஸ் அலறும் அந்த மாடி அறையைப் பற்றி முன்பே இங்கே எழுதியிருக்கிறேன். அங்கே ஆடியவர்களைப் பற்றி எழுதவில்லை. கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6, லேன் இணைப்பு, பெரும்பாலும் டஸ்ட்2 மேப். டேவ் ஜான்ஸ்டன் என்ற இங்கிலாந்து இளைஞர் 2001இல் செய்த அந்த மேப்பின் சந்துகள் எனக்குத் தில்லைநகர் குறுக்குத் தெருக்களைவிட நன்றாகத் தெரியும்.

வருகிறவர்கள் மாறவே மாட்டார்கள். ஒரு பாலிடெக்னிக் பையன், சுற்று தொடங்கியதும் ரஷ். யோசனை என்பதே கிடையாது, சுரங்க வழியாக நேரே பி பக்கம் ஓடுவான். அவனைத் தடுக்க முடியும் என்று தெரிந்தும் பாதி நேரம் தடுக்க முடியாது. ஏனென்றால் அவன் வருகிற வேகத்தில் நம் கை பதறும். அச்சகத்தில் வேலை பார்த்த ஒருவர் கேம்ப் அடிப்பார். பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தால் சுற்று முடியும்வரை அசைய மாட்டார். பையன்கள் திட்டுவார்கள். எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு. நாள் முழுக்க எந்திரச் சத்தத்தில் நின்றுவிட்டு வருகிறவருக்கு, ஒரு மூலையில் அசையாமல் இருப்பது எவ்வளவு பெரிய சுகமாக இருந்திருக்கும் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

மூன்றாமவர் மளிகைக்கடை அண்ணன். கடையை மூடிவிட்டுப் பத்து மணிக்கு மேல்தான் வருவார். கை வேகம் குறைவு, குறியும் சுமார். ஆனால் அவர் எதிரணியில் இருந்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். 1.6இல் ஓடினால் காலடிச் சத்தம் கேட்கும், ஷிஃப்ட்டை அழுத்தி நடந்தால் கேட்காது. நாங்களெல்லாம் சத்தத்தை மறைக்கப் பார்ப்போம். அண்ணன் சத்தத்தைச் செலவழிப்பார். ஏ பக்கம் தடதடவென்று ஓடிக் காட்டிவிட்டு, நாங்கள் அங்கே திரும்பும்போது பூனையாக நடந்து வேறு வழியில் முளைப்பார். பாலிடெக்னிக் பையனுக்கு எதிராக அவர் ஓடவே மாட்டார். அவன் தானாக வருவான், காத்திருந்தால் போதும். அச்சகத்துக்காரரை நெருங்கவே மாட்டார், ஒரு கையெறி குண்டை வீசிவிட்டுப் போய்விடுவார். என்னிடம் மட்டும் நேரே ஓடிவருவார். ஒருநாள் கேட்டேன், "என்னண்ணே, என்னப் பாத்தா மட்டும் ஓடி வர்றீங்க?" என்று. கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே சொன்னார்: "தம்பி, நீ ஒருத்தனச் சுட்டதுமே ரீலோட் போடுவ. குண்டு பாதிக்கு மேல இருந்தாலும் போடுவ. அந்தச் சத்தத்துக்குத்தான் நான் நிக்கிறது."

என்னோடு ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள்கூட என்னை அவ்வளவு கூர்ந்து கவனித்ததில்லை. அவருக்கு என் வேலை தெரியாது, வீடு தெரியாது. பதற்றத்தில் என் கை எந்த விசைக்குப் போகும் என்று தெரியும். நானும் அவரைக் கவனிக்கத் தொடங்கினேன். வேண்டுமென்றே ரீலோட் சத்தம் கொடுத்துவிட்டு, சட்டென்று கைத்துப்பாக்கிக்கு மாறிக் காத்திருந்து அவரை வீழ்த்திய அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பு ஒரு பரிசு.

அந்த விவாதத்தை விட்டுவிடுகிறேன். அவர்களோடு பேசித் தீராது. என் மனக்குறை இப்போது வேறு இடத்தில் இருக்கிறது. இன்றைக்கு ஆடுகிற பிள்ளைகளுக்கு ஒரு மளிகைக்கடை அண்ணன் கிடைக்க வழியே இல்லை.

2004இல் ஹேலோ 2 வந்தபோது, ஆட்களைத் தானாகத் தேடிச் சேர்க்கும் முறை பெரிய அளவில் பரவியது. அடுத்து மைக்ரோசாஃப்ட்டின் கேம்பிரிட்ஜ் ஆய்வகம் ட்ரூஸ்கில் என்ற கணிதத்தை எழுதியது. ஒவ்வோர் ஆட்டக்காரனுக்கும் திறமைக்கு ஓர் எண், அந்த எண்ணில் எவ்வளவு சந்தேகம் இருக்கிறது என்பதற்கு இன்னோர் எண். இரண்டையும் வைத்துச் சமமான ஆட்களை மோதவிடும். அருமையான கணிதம் அது. புதிதாக வந்த சிறுவன் பத்து வருடம் பழுத்தவனிடம் மாட்டிக்கொண்டு அழுகிற கொடுமையை அது குறைத்தது, மறுக்கவில்லை. ஆனால் அது எனக்குச் சமமான எண்ணைத் தேடித் தருகிறது. எனக்குத் தெரிந்த ஆளைத் தருவதில்லை. 2009இல் கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2 கணினிக்கு வந்தபோது, ஆட்டக்காரர்கள் தாங்களே சர்வர் நடத்தும் வசதியை எடுத்துவிட்டார்கள். எதிர்த்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அவர்கள் இழந்தது ஒரு தொழில்நுட்ப வசதியை என்றுதான் அன்றைக்கு எழுதினார்கள். தினமும் வந்து உட்காரும் இடத்தை இழந்தார்கள்.

2019 மாடர்ன் வார்ஃபேரில் நிலைமை இன்னும் ஒரு படி இறங்கியது. ஆட்டம் முடிந்ததும் எல்லோரையும் கலைத்துவிட்டு, அடுத்த ஆட்டத்துக்குப் புது ஆட்களைச் சேர்த்தார்கள். கவுன்டர் ஸ்ட்ரைக் 2 வந்தபோது, முன்பு 16 சுற்று ஜெயிக்க வேண்டியிருந்ததை 13 ஆக்கினார்கள். உச்சமாக 30 சுற்று போனது 24 ஆயிற்று. ஆட்டம் விறுவிறுப்பாகிவிட்டது என்று பலருக்கு மகிழ்ச்சி. எனக்கு அந்த 6 சுற்று உறுத்துகிறது. எதிரே ஆடுகிறவன் யார் என்று பிடிபடத் தொடங்குவது இருபதாவது சுற்றுக்கு மேல்தான். அவன் ஸ்மோக் என்ற புகைக்குண்டைப் போட்டுவிட்டு அந்தப் புகைக்குள்ளேயே வருகிறவனா, ஸ்மோக் போட்டுவிட்டு மறுபக்கம் போகிறவனா என்று புரியும்போது ஆட்டம் முடிந்துவிடுகிறது. பிறகு வாழ்நாளில் அவனைப் பார்ப்பதில்லை. தொழில்முறை அணிகளுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. எதிரணியின் பழைய ஆட்டங்களைப் பதிவில் போட்டுப் போட்டுப் படிக்கிறார்கள், அதே அணியை வருடத்தில் பலமுறை சந்திக்கிறார்கள். ஆட்டத்தின் ஆழமான பாதி, சம்பளம் வாங்குகிறவர்களுக்கு மட்டும் என்று ஆகிவிட்டது.

இந்த மாதிரி நேரத்தில் ஒரு நல்ல செய்தி. 2025 நவம்பரில் வந்த பிளாக் ஆப்ஸ் 7, ஆட்டம் முடிந்தாலும் அதே ஆட்களைச் சேர்த்தே வைத்திருக்கும் பழைய முறையைத் திரும்பக் கொண்டுவந்தது. ஆட்டக்காரர்கள் வருடக்கணக்காகக் கேட்டுக் கேட்டுக் கிடைத்தது. அந்த ஆட்டத்தில் எனக்குப் பிடிக்காதவை நிறைய உண்டு, ஆனாலும் இதற்காக அதைச் செய்தவர்களுக்கு நன்றி சொல்கிறேன். கவுன்டர் ஸ்ட்ரைக் 2இன் போட்டி ஆட்டத்திலும் இது வேண்டும். முடிந்ததும் திரையில் ஒரு பொத்தான் வைக்கட்டும்: அதே எதிராளிகளோடு, வேறொரு மேப்பில், இன்னோர் ஆட்டம். பத்துப் பேரில் எட்டுப் பேர் கிளம்பிவிடுவார்கள் என்று சொல்வார்கள். கிளம்பட்டும். மிச்சமிருக்கும் இரண்டு பேருக்காகத்தான் கேட்கிறேன்.